நீலத் திரையில் நாலு கேள்வி: பழைய கணினிகளுக்கு ஒரு நிறுவல் மெனு

வியாசர்பாடியில் ஒரு மாலை நேரப் பாடசாலைக்கு ஒரு டஜனுக்கு மேல் பழைய கணினிகள் வந்து சேர்ந்தன. ராயபுரம் பக்கம் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. பாதி கோர் 2 டூவோ, மீதி இரண்டாம் தலைமுறை ஐ3. ராம் சிலவற்றில் 2 ஜிபி, சிலவற்றில் 4. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தத் தலைமுறைக் கணினிகளில் கிடையாது. ஆகவே இலவச லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13 என்று முடிவானது.

போடுவது பெரிய வேலை இல்லை. திரும்பத் திரும்பப் போடவேண்டி வரும் என்பதுதான் பிரச்சினை. ஹார்ட் டிஸ்க் சாகும், பிள்ளைகள் எதையாவது கலைத்து வைப்பார்கள், இன்னும் இரண்டு கணினி யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பெரம்பூரிலிருந்து கிளம்பிப் போக முடியாது. அங்கே வருகிற பிளஸ் டூ பையன்களும், மையத்தைப் பார்த்துக்கொள்கிற அக்காவும் அவர்களாகவே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகச் செய்த மெனுவைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

டெபியனின் சொந்த நிறுவியே எழுத்து மெனுதானே, அதை ஏன் அப்படியே கொடுக்கவில்லை என்று கேட்கலாம். பையன்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருமுறை அதை ஓட்டிப் பார்த்தேன். மொழி, நாடு, விசைப்பலகை எல்லாம் தாண்டிவிட்டார்கள். ஹோஸ்ட்நேம் கேட்டதும் நின்றார்கள். அடுத்து டொமைன் நேம் கேட்டது. "ணா, டொமைன் நம்மகிட்ட ஏதுணா?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. அப்புறம் ரூட் பாஸ்வேர்டு, அதை மறுபடி ஒருமுறை, பயனர் பெயர், பார்ட்டிஷன் முறை, எல்லாம் ஒரே பார்ட்டிஷனா, ஹோம் தனியா, எந்த மிரர், ப்ராக்ஸி உண்டா. கேட்பது அழகாகத்தான் கேட்கிறது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவனுக்குப் பதில் தெரியாத கேள்வியை எவ்வளவு அழகாகக் கேட்டு என்ன பயன்?

ப்ரிசீட் என்று ஒரு வழி உண்டு. பதில்களை ஒரு கோப்பில் முன்கூட்டியே எழுதிவைத்தால் நிறுவி வாய் திறக்காமல் வேலையை முடித்துவிடும். எல்லாக் கணினியும் ஒரே மாதிரி இருந்தால் அதுதான் சரி. எனக்கு நாலு கேள்வி மட்டும் கேட்கவேண்டியிருந்தது, அதுவும் என் சொற்களில். நிறுவிக்குள் புதுக் கேள்வியைச் சேர்க்க, டெபியன் கேள்வி கேட்கப் பயன்படுத்துகிற டெப்கான்ஃபுக்கு வார்ப்புரு எழுதவேண்டும். அதன் உள்ளே இருப்பது ஒரு குட்டி பிஸிபாக்ஸ் உலகம், நமக்குப் பழக்கமான கருவிகள் பாதி இருக்காது. அதனால் வேறு வழிக்குப் போனேன். டெபியன் லைவ், அதாவது நிறுவாமலே ஓடுகிற டெபியன், பெண்டிரைவிலிருந்து பூட் ஆகும். நேராக டிடிஒய் 1 என்கிற எழுத்துத் திரையில் தானாக உள்நுழைந்து என் ஷெல் ஸ்கிரிப்ட் ஓடும். கேள்வி கேட்கிற வேலை, எழுத்துத் திரையில் பெட்டி வரைகிற விப்டெயில் என்ற சின்னக் கருவிக்கு.

விப்டெயில் டெபியனில் சாதாரணமாகவே இருக்கும். ரெட் ஹாட் தன் நிறுவிக்காக எழுதிய நியூட் நூலகத்தின் மேல் கட்டியது. ராஸ்பெரி பையில் ராஸ்பி கான்ஃபிக் திறந்திருப்பீர்களே, நீலப் பின்னணியில் சாம்பல் பெட்டி, அதுவும் இதே ஆசாமிதான். டயலாக் என்கிற இன்னொன்று ஸ்லாக்வேர் நிறுவியில் பல காலமாக இருக்கிறது, வசதிகளும் கூடுதல். எனக்குத் தேவைப்பட்டவை மெனு, ஆம்–இல்லை, எழுதும் பெட்டி, முன்னேற்றப் பட்டை. நாலும் விப்டெயிலில் உண்டு.

எழுதத் தொடங்குகிற எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் ஒன்று: விப்டெயில் பெட்டியை வழக்கமான வெளியீட்டில் வரைகிறது, பயனர் தேர்ந்ததைப் பிழை வெளியீட்டில் அனுப்புகிறது. பதிலை ஒரு மாறியில் பிடிக்கவேண்டுமானால் கட்டளையின் கடைசியில் 3>&1 1>&2 2>&3 என்று இரண்டையும் இடம் மாற்றவேண்டும். திரும்பும் எண் 0 என்றால் சரி, 1 என்றால் ரத்து, 255 என்றால் எஸ்கேப். பையன்கள் குழம்பினால் கை போவது எஸ்கேப்புக்குத்தான். அதனால் 1 வந்தாலும் 255 வந்தாலும் முந்தின கேள்விக்குத் திரும்புகிற மாதிரி முழு ஸ்கிரிப்டையும் ஒரு வட்டத்துக்குள் போட்டேன். எங்கே எஸ்கேப் அடித்தாலும் ஒரு படி பின்னால், அவ்வளவுதான். கறுப்புத் திரையும் ரூட் குறியும் யார் கண்ணிலும் படக்கூடாது.

சரி, கேள்விகள். நாலுதான். எந்த டிஸ்க்கில் போடுவது, கணினிக்கு என்ன பெயர், யார் உட்காரப்போகிறார்கள், தமிழுக்கு எந்த விசைப்பலகை. மற்றதெல்லாம் ஸ்கிரிப்டே தீர்மானிக்கும். கணினி பூட் ஆவது புதிய யூஇஎஃப்ஐ முறையிலா பழைய பயாஸ் முறையிலா என்று மனிதரைக் கேட்கவேண்டியதில்லை, சிஸ் அடைவின் ஃபர்ம்வேர் பகுதியில் இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோப்பு முறை இஎக்ஸ்டி4. ராம் போதாதபோது கைகொடுக்கிற ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் கிடையாது, ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிற இசட்ராம்தான். டிஸ்க்கில் எப்போதும் பயாஸ் பூட்டுக்கு 1 எம்பி, இஎஃப்ஐக்கு 512 எம்பி, மிச்சமெல்லாம் ஒரே பார்ட்டிஷன். இரண்டு வகை பூட்டுக்கும் இடம் விட்டிருப்பதால் செத்த கணினியின் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் பெரும்பாலும் எழுந்து நிற்கும். பட்ர்எஃப்எஸ் நல்லதா இஎக்ஸ்டி4 நல்லதா என்ற விவாதம் எனக்கும் பிடிக்கும். அதை எட்டாம் வகுப்புப் பையன் தலையில் கட்டக்கூடாது.

டிஸ்க் கேள்வியில்தான் நிறைய நேரம் போனது, ஏனென்றால் அழிவு அங்கேதான் இருக்கிறது. லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கிற எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களைத் திரையில் காட்டினால் ஆபத்து. சில கணினிகளில் பெண்டிரைவே எஸ்டிஏவாக வந்து நிற்கும். எல்எஸ்பிஎல்கே கட்டளையிடம் அளவு, மாடல், எந்த இணைப்பில் வருகிறது, சுழலும் டிஸ்க்கா இல்லையா என்று நாலு விவரமும் கேட்டு வாங்கினேன். யூஎஸ்பி வழி வருவதைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டேன். திரையில் தெரிவது "320 ஜிபி, சுத்துற ஹார்ட் டிஸ்க்" அல்லது "120 ஜிபி, எஸ்எஸ்டி". உள்ளே ஸ்கிரிப்ட் பிடித்துவைத்திருப்பது பை-ஐடி அடைவில் இருக்கும் நீளமான பெயர். பூட்டுக்குப் பூட்டு அது மாறாது.

கூடவே ஒரு மருத்துவப் பரிசோதனையும் சேர்த்தேன். பட்டியலில் காட்டும் முன் ஒவ்வொரு டிஸ்க்கையும் ஸ்மார்ட்கன்ட்ரோல் என்ற கருவி பார்க்கும். கெட்டுப்போய் இடமாற்றிய செக்டார் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் "டிஸ்க் நோயாளி" என்று வரும். பழைய டிஸ்க்கில் நிறுவல் பாதியில் நின்றால் பையன்கள் பெண்டிரைவைத்தான் சந்தேகப்படுவார்கள், அதற்காக. பெண்டிரைவ் மேலும் சந்தேகம் தப்பில்லை என்பது வேறு விஷயம். நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கிய 64 ஜிபி பெண்டிரைவை எஃப்3 என்ற கருவியில் சோதித்தால் உண்மையில் உள்ளே 8 ஜிபிதான் இருந்தது. மலிவாக வாங்குபவர்கள் முதலில் எஃப்3 ஓட்டிவிடுங்கள்.

அழிக்கும் முன் வருகிற உறுதிக் கேள்விக்கு ஆம்–இல்லை பெட்டி போதாது. இல்லை என்பதை முன்தேர்வாக வைக்கலாம், அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் பையன்கள் டேப், என்டர் என்று பார்க்காமலே தட்டுகிறார்கள். அதனால் "அழி" என்று எழுதிக் காட்டச் சொன்னேன். எழுதினால்தான் நகரும்.

இங்கேதான் மொழிச் சிக்கல் வந்தது. மெனு தமிழில் இருக்கவேண்டும் என்பது அக்காவின் ஒரே நிபந்தனை. லினக்ஸின் எழுத்துத் திரையில் தமிழைக் காட்டினால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். டெபியன் நிறுவியிலேயே வரைகலை வடிவில்தான் தமிழ் உண்டு, எழுத்து வடிவின் மொழிப் பட்டியலில் கிடையாது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அந்தத் திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம், ஓர் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள். தமிழ் அப்படி உட்காராது. "தெ" என்று சேமிக்கும்போது யூனிகோடில் முதலில் த, பிறகு ஒற்றைக் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். "கொ" என்றால் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். இப்படி இடம் மாற்றிக் கோக்கிற வேலையைச் செய்ய அந்தத் திரையில் ஆளே இல்லை.

நம் எழுத்து மொத்தம் 247தானே, 512 இடம் இருக்கிறதே, அப்படியே அடைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு தருகிற டேஸ்16 என்ற முறையையும் தமிழக அரசு 2010இல் தரமாக அறிவித்திருக்கிறது. ஆனால் ஒரு கட்டத்தின் அகலத்தில் ணையும் கௌவும் அடங்காது. எழுத்துக்கு இரண்டு கட்டம் கொடுத்தால் 494 வடிவம். ஆங்கில எழுத்தும் குறியும் 95. கூட்டினால் 589, இடம் போதாது.

பழைய 8 பிட் காலத்து ஆட்கள் இதை வேறு விதமாகச் சமாளித்திருக்கிறார்கள். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் கொம்பும் காலும் தனி வடிவங்கள், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிப்பு. அதே யுத்தியை எடுத்துக்கொண்டேன். அகர மெய் 18, புள்ளி வைத்தவை 18, உகரம் 18, ஊகாரம் 18, உயிர் 12, ஆய்தம், கொம்பு கால் வகையறா ஒரு ஏழெட்டு. நூறுக்குள் அடங்கும். ஒவ்வொன்றையும் இரண்டு கட்டமாக வெட்டினாலும் ஆங்கிலத்தோடு சேர்த்து 300ஐத் தாண்டாது. 16க்கு 32 புள்ளி அளவில் வரைந்து, பிடிஎஃப்2பிஎஸ்எஃப் கருவியால் திரை எழுத்துருவாக மாற்றி, யூனிகோடின் தனிப்பயன் பகுதிக் குறியீடுகளில் உட்காரவைத்தேன். சாதாரணத் தமிழ் வரியை வாங்கி, கொம்பை முன்னால் தள்ளி, வடிவங்களாக மாற்றித் தர ஒரு சின்ன பைத்தான் நிரல்.

வேலை செய்தது. அழகாக இருந்தது என்று சொல்லமாட்டேன். "டி"யும் "டீ"யும் தனியாக வரைந்தால்தான் சரியாக வரும், ளகரமும் லகரமும் தூரத்திலிருந்து ஒன்று போலத் தெரிகின்றன, எழுத்துகளுக்கு நடுவே பல்லிடுக்கு மாதிரி இடைவெளி. எல்லா எழுத்தையும் வரையப் பொறுமையும் இல்லை. அதனால் ஒரு சமரசம். உயிர்நாடியான அந்த ஒரு திரை மட்டும் தமிழ் எழுத்தில் வரும்: "இதில் உள்ளதெல்லாம் அழியும்". அதற்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் இழைத்து இழைத்து வரைந்தேன். மற்றத் திரைகளில் தமிழ்தான், ஆங்கில எழுத்தில். பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் பழகியதுதான், சிரமமே இல்லை. அக்காவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை, "தமிழ்னு சொல்லிட்டு ஏபிசிடில போட்டா எப்படிப்பா?" என்றார். ஒவ்வொரு திரையின் தலைப்பிலும் ஓர் எண் போட்டு, அந்த எண் வரிசையில் தமிழ் விளக்கத்தை அச்சடித்து லேமினேட் செய்து கொடுத்தேன். இப்போது அவர் திரையைவிட அந்த அட்டையைத்தான் பார்க்கிறார். வேலை நடக்கிறது.

பெரிய எழுத்துருவால் இன்னொரு வில்லங்கம். பழைய சதுர மானிட்டர்கள் 1024க்கு 768. எழுத்தின் அகலம் 16 புள்ளி என்றால் ஒரு வரிக்கு 64 கட்டம்தான். 70 அகலத்துக்குப் பெட்டி போட்டால் விப்டெயில் கோணலாக வரையும், பொத்தான்கள் காணாமல் போகும். 1366 அகல மானிட்டரில் அதே பெட்டி ஒழுங்காக வரும், அதனால் வீட்டில் சோதிக்கும்போது தெரியாது. உயரம், அகலம் இரண்டையும் திரையிடமே கேட்டு, அதில் நாலு கழித்துப் பெட்டி போடுவதுதான் பாதுகாப்பு. எண்ணை நேரடியாக எழுதவே கூடாது.

மெனு நடுவில் இயங்குதளத்தின் மையமான கர்னலின் செய்திகள் வந்து விழுவதும் உண்டு. ஆட்டம் காணும் சாட்டா கேபிள் இருந்தால் நீலப் பெட்டியின் மேல் வெள்ளை எழுத்தில் வரி வரியாகப் புலம்பும். பார்ப்பவர்கள் கணினி செத்துவிட்டது என்று பவரை அணைத்துவிடுகிறார்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே டிமெசேஜ் அளவை 1க்குக் குறைத்தால் அமைதியாகிவிடும்.

நகலெடுப்பது எளிய பகுதி. எல்லாம் நிறுவித் தயார் செய்த டெபியனை ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய படிமமாக்கிப் பெண்டிரைவில் வைத்திருக்கிறேன். அன்ஸ்குவாஷ் அதை டிஸ்க்கில் விரிக்கும். புதிய பதிப்புகளில் விழுக்காட்டை மட்டும் எண்ணாக அச்சிடுகிற வசதி இருக்கிறது, அதைக் குழாய் வழியாக விப்டெயிலின் முன்னேற்றப் பட்டைக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. இணையம் தேவையில்லை, மையத்தின் பிராட்பேண்ட் மழை பெய்தால் படுத்துவிடும் என்பதால் இது முக்கியம். விரித்த பிறகு சில்லறை வேலைகள்: எஃப்எஸ்டேப் கோப்பில் பார்ட்டிஷனின் புது அடையாள எண் (யூயூஐடி), பூட்டின் தொடக்கத்தில் ஓடுகிற இனிட்ராம்எஃப்எஸ் புதிதாக, பூட் செய்கிற கிரப், கணினியின் அடையாளம் இருக்கிற மெஷின் ஐடி கோப்பைக் காலி செய்வது. கடைசியை விட்டுவிட்டால் எல்லாக் கணினியும் ஒரே அடையாளத்தோடு திரியும்.

யார் உட்காரப்போகிறார்கள் என்ற கேள்விக்கு மூன்று பதில். சின்னப் பிள்ளைகள் என்றால் ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயிண்ட். பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் பாடத்தில் இருக்கிற சி++, பைத்தான். அக்காவுக்கு என்றால் லிப்ரே ஆபீஸ், பிரிண்டர். எல்லாம் படிமத்திலேயே இருக்கும், தேவையில்லாததை ஸ்கிரிப்ட் நீக்கும். விசைப்பலகைக்குத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக. லினக்ஸின் வரைகலைக்கு அடித்தளமான எக்ஸ் விண்டோவிலேயே ஒரு தமிழ்99 அமைப்பு உண்டு, ஆனால் தானாகப் புள்ளி வைக்கிற வேலையை அது செய்யாது. அது இல்லாத தமிழ்99 பாதித் தமிழ்99தான்.

ஐந்தாவதாக ஒரு கேள்வி எப்போதாவது எட்டிப்பார்க்கும்: இன்று என்ன தேதி? மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் கணினி வருடக்கணக்கில் பின்னால் போய் நிற்கும். அந்தத் தேதியோடு அப்டேட் செய்யப் போனால் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லாது என்று, டெபியனில் மென்பொருள் இறக்குகிற ஏபிடி மறுத்துவிடும். இணையதளங்களின் சான்றிதழும் ஏற்காது. படிமம் தயாரித்த நாளைவிடக் கணினியின் தேதி பின்தங்கியிருந்தால் மட்டும் ஸ்கிரிப்ட் கேட்கும், "பேட்டரி மாத்துங்க" என்றும் சொல்லும். கடல் காற்றில் கிடந்த இந்தக் கணினிகளில் அந்தத் திரை அடிக்கடி வந்தது. ராம் கால்களிலும் பச்சை பூத்திருந்தது. பூட்டே ஆகாமல் பீப் அடித்தவற்றில் பாதிக்கு மேல் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் சரியாகிவிட்டன.

யூஎஸ்பி பூட்டே வராத கணினிகளும் சில இருந்தன. அவற்றுக்கு நெட்வொர்க் பூட். ஒரு பழைய மடிக்கணினியில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை ப்ராக்ஸி முறையில் ஓடவிட்டால் ஐபி முகவரி கொடுக்கிற வேலையை ரௌட்டரிடமே விட்டுவிட்டு, எங்கிருந்து பூட் ஆவது என்பதை மட்டும் இது சொல்லும். ரௌட்டரைத் தொடவே வேண்டாம். நெட்வொர்க் வழி பூட் செய்கிற பிஎக்ஸ்இலினக்ஸின் முதல் மெனுவில் இரண்டே வரி: நிறுவு, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தொடங்கு. கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் இரண்டாவது தானாக ஓடும். லைவ் படிமத்தை ஹெச்டிடிபி வழி இழுத்தால் முழுசும் ராமில் இறங்கும், 2 ஜிபி கணினிகள் மூச்சுத் திணறின. நெட்வொர்க்கில் கோப்பைப் பகிர்கிற என்எஃப்எஸ்ஸுக்கு மாற்றியதும் தேவைப்படுகிற துண்டு மட்டும் வருகிறது, திணறல் இல்லை.

பூட் மெனுவுக்கு எந்த விசை என்பது மட்டும் மென்பொருளால் தீர்க்க முடியாத விஷயம். டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசஸ் போர்டு என்றால் எஃப்8. அக்காவின் அட்டையில் இதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கினேன். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு மார்க்கர் எடுத்து ஒவ்வொரு கேபினெட் மேலும் பெரிதாக எழுதிவிட்டான். அது அட்டையைவிட உருப்படியான ஏற்பாடு.

அடுத்து வைஃபை கேள்வி ஒன்றைச் சேர்க்கவேண்டும். ஐ3 கணினிகளுக்கு யாரோ யூஎஸ்பி டாங்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சிப் என்று தெரிந்த பிறகுதான் படிமத்தில் ஃபர்ம்வேர் ஏற்றமுடியும். அதுவரை கேபிள்தான்.